நாத்தனாருக்குத் தலைசுற்றாத காட்சி

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் ராட்டினம் என்றே அழைத்தனர். மூலக்கூறுகளைத் திரையில் அசையும் படங்களாக ஆக்கித் தருவது அவர் வேலை. அணுக்கள் திராட்சைக் குலைபோல் ஒட்டிக்கிடக்கும் புரதம் ஒன்றைக் கணினியில் நிறுத்தி, அதைச் சுற்றிக் கற்பனைக் கேமராவை ஓட்டி, பார்ப்பவர்களை அதன் உள்ளே அழைத்துச் செல்வார். சென்ற முறை அவர் ஓட்டிய ஓட்டத்தில், முன்வரிசையிலிருந்த ஆய்வுக்கூடத் தலைவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடிவிட்டார். மருந்து சென்று அமரும் குழி திரைக்கு வந்தபோதும் திறக்கவில்லை. பட்டப்பெயர் அன்று வந்தது.

பெயரைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. வேலையைப் பற்றித்தான் கவலை.

"இந்தத் தடவையும் தலைவர் கண்ண மூடிட்டா, படம் பண்ற வேலைய வெளியில குடுத்துடலாம்னு அவரே சொல்லிட்டாரும்மா," என்று அந்த மருந்தை ஆராய்ந்துவந்த ஆய்வாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்க பழையபடி அட்டவணை போடப் போக வேண்டியதுதான்."

அன்று மாலை ராட்டினம் மடிக்கணினியோடு நேரே அடுத்த தெருவிலிருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாளுக்கு வண்டி என்றாலே ஆகாது. பேருந்தில் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். லிஃப்டைக் கண்டால் மாடிப்படியைத் தேடுவார். இப்படியொரு அளவுகோல் வேறெங்கே கிடைக்கும்?

"சோதனைக்கு நான்தான் கெடச்சேனா அண்ணி? வீட்ல அண்ணன் இல்லையா?"

"உன் அண்ணன் புயல்ல மாட்டுன கப்பல்லகூடத் தூங்குவாரு. அவரால எனக்கென்ன பிரயோஜனம்?"

நாத்தனார் ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். படம் ஓடியது. பாதியில் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இப்ப எதுக்குள்ள முட்டிக்கிட்டுப் போறோம்?"

ராட்டினம் காட்சியை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்தார். வெளியிலிருந்து ஒரு பார்வை, குழிக்குள் ஒரு பார்வை என இரண்டை மட்டுமே கணினியிடம் கொடுத்திருந்தார். இடைப்பட்ட வழியை அது நேர்கோட்டில் நிரப்பிவிட்டது. கேமரா வாசலைத் தேடாமல், புரதத்தின் உடம்பைத் துளைத்துக்கொண்டு, சுழன்றபடியே உள்ளே பாய்ந்திருந்தது. ராட்டினம் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

குழியின் வாயில் மூன்றாவதாக ஒரு பார்வையை வைத்தார். முதலில் திரும்புதல், பிறகு மூச்சுவிடும் நேரம் நிற்றல், அதன்பின் நெருங்குதல் என்று அசைவுகளைப் பிரித்தார். புறப்படும்போது வேகம் மெல்லக் கூடி, நிற்கும்போது மெல்லக் குறையுமாறு செய்தார். திருத்தத் திருத்த, நாத்தனாரும் வாளியுமாகச் சோதனை தொடர்ந்தது.

ஒருநாள் வாளியைக் காணவில்லை.

"அதுல துணி ஊறுது. நீங்க ஓட்டுங்க அண்ணி."

படம் முடியும்வரை அவர் முகம் சுளிக்கவில்லை.

"குழிக்குள்ள மஞ்சளா ஒண்ணு குந்தியிருக்கே, அது யாரு?"

"அதான் மருந்து."

"சொந்த வீடு மாதிரி உக்காந்திருக்கு. இவ்வளவு தூரம் போயி நான் எதையும் பாத்ததே இல்ல அண்ணி."

அரங்கில் விளக்குகள் அணைந்ததும் தலைவர் முன்னெச்சரிக்கையாக நாற்காலியின் கைகளைப் பற்றினார். ராட்டினம் திரையைப் பார்க்கவில்லை. அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். புரதம் மெல்லத் திரும்பி நின்றது. குழியின் வாய் நெருங்கியது. தலைவரின் ஒரு கை விடுபட்டது. மருந்து தெரிந்தபோது மற்றொன்று மோவாய்க்குப் போயிருந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன.

படம் முடிந்ததும் அவர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "வெளியில யாரையும் கேக்க வேண்டாம். நம்ம ஆளே பண்ணட்டும்." பிறகு சற்றே கூச்சத்துடன், "அந்தக் குழிக்குப் பின்பக்கம் என்னம்மா இருக்கு? இன்னொரு சுத்து போகலாமா?" என்றார்.

"ராட்டினம், தலைவருக்கு இன்னொரு சீட்டு கிழி," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அரங்கம் சிரித்து முடிப்பதற்குள் புரதம் மறுபடியும் மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது.