மகனின் லாரியும் என் பழைய மெஷினும்

என் மகன் போனில் பேச மாட்டான். "சாப்டியா?" என்றால் "ம்." "வேலை எப்படிப் போகுது?" என்றால் "போகுதும்மா." இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கையில் கேம் ரிமோட் இருந்தால் போதும், ஊர்க்கதை அத்தனையும் தானாக வரும். அதனால்தான் அவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது, அவனுடையதைப் போலவே இன்னொரு கேம் மெஷினைத் திண்டுக்கல் வீட்டு டிவியில் மாட்டிவிட்டுப் போகச் சொன்னேன்.

லாரி ஓட்டுகிற விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அவன் லாரியும் என் லாரியும் ஒரே ரோட்டில் போகும். என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அடிப்பவர். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஸ்டியரிங் பக்கம் அண்டவிட்டதில்லை. இப்போது சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கைப் போடு, எதுக்க வாரான் பாரு" என்று உயிரை வாங்குவார்.

அப்புறம் மகனின் மெஷின் பழுதாகி, அடுத்த தலைமுறை மெஷின் வாங்கினான். அதில் பழைய கேம் ஓடாது; புதுப் பதிப்பிலோ என் லாரி வராது. எனக்கும் புதுசு அனுப்புவதாகச் சொன்னவன், அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே போனான். மறுபடியும் போனும் "ம்"மும்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. "அந்த மெஷின் கம்பெனிக்காரன்ட்ட கேளுலே, என் லாரியையும் சேத்துக்கச் சொல்லி" என்றேன்.

"மெஷின் பண்றவன் வேற, கேம் பண்றவன் வேறம்மா. கேம் பண்றவங்க தேர்ட் பார்ட்டி, வெளி ஆளுங்க. பழைய மெஷினை அப்படியே விட்டுட்டுப் போனாலும் யாரும் கேக்க முடியாது."

"தேர்ட் பார்ட்டியா? நம்ம லாரிக்குத்தான் வருஷா வருஷம் அந்த இன்சூரன்ஸ் போடுறேனே" என்றார் வீட்டுக்காரர். "நம்ம வண்டி இடிச்சு யாரோ ஒருத்தனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவனுக்குப் போற காசு. நமக்கு ஒத்தப் பைசா வராது."

மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. முன்பின் தெரியாத என்னை எவன் கண்டுகொள்ளப் போகிறான் என்றிருந்தது.

போன ஆவணியில் ஒருநாள் டிவியைப் போட்டால், மெஷினில் ஏதோ புதிதாக ஏறிக்கொண்டிருந்தது. முடிந்ததும் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி. எழுத்துக்கூட்டிப் படித்தேன். பழைய மெஷின்காரர்களும் புது மெஷின்காரர்களும் இனி ஒரே ரோட்டில் ஓட்டலாமாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. எந்த ஊரோ, என்ன பாஷையோ, பழையதை விற்று முடித்து அடுத்ததற்குப் போனவர்கள், திரும்பி வந்து இதைச் செய்திருக்கிறார்கள். கும்பிடலாம் என்றால் எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது? இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் லாரியின் கண்ணாடியில் அவன் லாரி தெரிந்தது. பக்கத்தில் வந்து ஹார்ன் அடித்தான். ரோட்டைப் பற்றிப் பேசினான், அங்கே பெய்கிற மழையைப் பற்றிப் பேசினான். ஒரு பாலம் தாண்டியதும், "அம்மா, வேலை போயிருச்சும்மா. ரெண்டு மாசமாச்சு" என்றான்.

சோபாவில் இருந்தவர் எழுந்துவிட்டார். கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன்.

"சரி அப்பு" என்றேன். "நிறுத்தாம ஓட்டு. பக்கத்துலயேதான் வாரேன்."