அவள் கொடுத்த அக்டோபர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, காலாண்டுத் தேர்வு விடுமுறையில், கேரளத்து வர்க்கலா கடற்கரையில் நடந்தது இது. வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எங்களுக்குத் திண்டுக்கல். காந்திகிராமத்தில் இயற்பியல் முதுகலை முடித்துவிட்டு, டவுனில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அது போக ஆசிரியர் தேர்வு, வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு என்று எந்த விளம்பரம் வந்தாலும் விண்ணப்பம் போடுவேன். ஓரிடத்தில் உட்காராத ஆள் நான். ஆனால் நிஜமாக நகர்ந்தவள் என் சித்தி மகள்.

அவளைவிட நான் நாலு மாதம் மூத்தவள். அந்த நாலு மாதத்துக்காக அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சின்ன வயதிலேயே சட்டம் போட்டிருந்தேன். அவளும் மீறியதில்லை. படிப்பில் நான் முதல், பாட்டுப் போட்டியில் நான் முதல், கோயில் கிறிஸ்மஸ் நாடகத்தில் மாதா வேஷம் எனக்கு. அவளுக்கு எப்போதும் ஆட்டிடையன். பிளஸ் டூ தேறியதே பெரிய விஷயம் என்று ஹோட்டல் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அதை முடித்தவள் வர்க்கலாவில் ஒரு தங்கும் விடுதிக்கு வேலைக்குப் போனாள். ஒரே வருடத்தில் அதன் மேனேஜர் ஆகிவிட்டாள்.

அங்கிருந்து படங்கள் வர ஆரம்பித்தன. காலையில் கடல், சாயங்காலம் கடல், கடலுக்கு முன்னால் அவள். அம்மா ஒன்றுவிடாமல் பார்ப்பார். தோசை வார்த்துக்கொண்டே, "பாத்தியா ஒன் தங்கச்சிய? எம்புட்டு தெளிவா இருக்கா" என்பார். நான் தேர்வுப் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, "எல்லாம் ஃபில்டர்ம்மா" என்பேன். பிறகு அறைக்குள் போய், அதே படத்தைப் பெரிதாக்கி, எங்கேயாவது ஒரு பரு தெரிகிறதா என்று தேடுவேன்.

அந்த செப்டம்பரில் அவளே போன் செய்தாள். "அக்கா, பரீட்ச லீவுல வந்துட்டுப் போயேன். இப்ப ரூமெல்லாம் சும்மாத்தான் கெடக்கு. நவம்பர் பொறந்துட்டா கால் வைக்க எடம் இருக்காது."

என் மனம் அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? ஊரில் உள்ள எல்லாருக்கும் நவம்பர், எனக்கு மட்டும் அக்டோபர். மழையும் முழுதாக விடாத, சீசனும் தொடங்காத, யாரும் வராத மிச்ச நாட்களைத் தூக்கி எனக்குப் போடுகிறாள். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த சிறுமலை வாழைப்பழச் சீப்பையும் ஒரு டப்பா பருப்புப் பொடியையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

போய் இறங்கியதும் முதலில் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. படத்தில் பார்த்த இடம் இல்லை அது. கடலை ஒட்டி உயரமான செம்மண் பாறை, அதன் விளிம்பில் வரிசையாகக் கடைகள். பாதிக் கடைகளை நீலத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார்கள். ஒரு இடத்தில் கூரைக்கு ஓலை வேய்ந்துகொண்டிருந்தார்கள், இன்னொரு இடத்தில் பூஞ்சை பிடித்த மெத்தைகளை வெயிலில் போட்டிருந்தார்கள். எங்கும் பெயின்ட் வாசனை. அவளுடைய விடுதியில் ஒரே ஒரு விருந்தாளி, வயதான ஒரு வெளிநாட்டு அம்மாள். அப்பாடா, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

அந்த சந்தோஷம் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. அவள் வெளியே வந்தாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள், காலில் செருப்பு இல்லை. என்னைக் கட்டிப்பிடித்தபடியே ஏணி மேல் நின்ற பெயின்டரிடம் மலையாளத்தில் ஏதோ அதட்டினாள், அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். டீக்கடைக்காரர் முதல் மீன் விற்கிறவர் வரை அவளைச் "சேச்சி" என்றார்கள். எனக்கு அவள் தங்கச்சி, ஊருக்கே அவள் அக்கா. அவள் வெயிலில் நின்றால் விளம்பரம் மாதிரி இருந்தது. நான் நின்றால் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த வெளிநாட்டு அம்மாளிடம், "இதுதான் எங்க அக்கா, வீட்டுலயே பெரிய படிப்பு" என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தாள். அந்த அம்மாள் கண்ணை அகல விரித்து, "ஓ, அந்த அக்காவா" என்றார். கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். சாப்பிடும்போது அவள் வாழைப்பழத்தை மூக்கருகே வைத்து மோந்து மோந்து பார்த்தாள். அதுகூட எனக்கு நடிப்பாகப் பட்டது. பொறாமை வந்துவிட்டால் எதிராளி மூச்சு விடுவதுகூட நமக்கு எதிராகத்தான் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் என்னை மிஞ்ச முடியாது என்று நினைத்தேன்: நீச்சல். எரியோடு பக்கம் எங்கள் தாய்மாமா தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு உண்டு. பள்ளி விடுமுறை முழுக்க அதில்தான் கிடப்போம். மோட்டார் ரூம் மேலிருந்து குதிக்கிற ஒரே பெண் நான். அவளோ மூன்றாம் படிக்குக் கீழே இறங்க மாட்டாள். ஒரு மே மாதம் முழுக்க அவள் முதுகுக்குக் கீழே என் கையை வைத்து மிதக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். இங்கே கடலுக்கு முன்னால் நின்று படம் போடுகிறாளே, அவளுக்குத் தண்ணீரைக் காட்டியதே நான்தான். அதை அவளுக்கு ஒருமுறை ஞாபகப்படுத்திவிட வேண்டும் என்று இருந்தது.

மறுநாள் காலை இருவரும் குளிக்கப் போவதாகப் பேச்சு. கிளம்பும் நேரத்தில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று யாரோ வந்தார்கள்.

"அக்கா, நீ கீழ போயி மணல்ல உக்காரு. செத்த நேரத்துல வாரேன். மழ இப்பத்தான் விட்டுருக்கு, கடலு இன்னும் சரியில்ல. செவப்புக் கொடி நட்டுருக்கற எடத்துல எறங்கிராத, என்ன?"

"எனக்கே சொல்றியா?"

"கோவிச்சுக்காத. வந்துர்றேன்."

பாறையில் வெட்டிய படிகளில் இறங்கிப் போனேன். பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். எல்லாரும் அலை வந்து அடிக்கிற இடத்தில் நின்று, விழுந்து எழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் ஒரு பட்டை நீளத்துக்கு அலையே இல்லை. தண்ணீர் கருநீலமாக, சலனமில்லாமல், எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரி கிடந்தது. அதற்கு நேரே கரையில் ஒரு சிவப்புக் கொடி.

நாங்கள் கிணற்றிலும் கண்மாயிலும் பழகியவர்கள். அசையாத தண்ணீர் நல்ல தண்ணீர். சுழிக்கிற தண்ணீர்தான் ஆளை இழுக்கும். இதுதான் எங்களுக்குத் தெரிந்த பாடம். இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு இந்த ஜனங்கள் ஏன் அலையில் அடி வாங்குகிறார்கள் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கொடி நீச்சல் தெரியாதவர்களுக்காக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். துப்பட்டாவை மடித்து மணலில் வைத்து, அது பறக்காமலிருக்கச் செருப்பை மேலே வைத்தேன். அவள் வந்து முதலில் துப்பட்டாவைப் பார்ப்பாள். அப்புறம் நிமிர்ந்து நடுக்கடலில் நீந்துகிற என்னைப் பார்ப்பாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் இறங்கினேன்.

பத்து வீச்சுதான் போட்டிருப்பேன். எவ்வளவு அருமையாக நீந்துகிறோம் என்று தோன்றியது. அவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் செருப்பு தெரியவில்லை. கொடி விரல் உயரத்துக்கு இருந்தது. நான் நீந்தவில்லை, போய்க்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கரையில் வந்து மோதிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து கடலுக்குள் திரும்பி ஓடுகிற வாய்க்கால் அது. அதனால்தான் அங்கே அலை உடையவில்லை. இதெல்லாம் பிற்பாடு அவள் சொல்லித் தெரிந்துகொண்டது.

கரையைப் பார்த்து நேராக நீந்தினேன். கிணற்றில் நாலு வீச்சுப் போட்டால் கைக்குச் சுவர் கிடைக்கும். இங்கே எத்தனை போட்டாலும் சுவர் வரவில்லை. கை மரத்தது. வாய்க்குள் உப்புத் தண்ணீர் போனது. மிதப்பு விசையைப் பற்றிப் போன மாதம்தான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருந்தேன். அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அம்மா தோசைக் கரண்டியோடு நிற்பதுதான் தெரிந்தது.

எங்கோ விசில் சத்தம். பிறகு நுரைக்கு மேலே ஒரு வெள்ளை அலைச்சறுக்குப் பலகை, அதன் மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவி வருகிற அவள். முழங்கை வரை தொட்டி ஓட்டையை அடைத்த தார் அப்பியிருந்தது. நான் பாய்ந்து அவளைப் பிடிக்கப் போனேன். அவள் பலகையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னப் பிடிக்காத. பிடிச்சா ரெண்டு பேரும் போயிருவோம். மல்லாக்கப் படு."

முடியாது என்று கத்தினேன் என்று நினைக்கிறேன்.

"படுடீ. ஆகாசத்தப் பாரு. காதுல தண்ணி போகட்டும். கையக் கால ஒதறாத. ஒண்ணும் செய்யாத. தண்ணி ஒன்ன வச்சுக்கும்."

அந்த வார்த்தைகள் என்னுடையவை. எரியோட்டுக் கிணற்றில், மூன்றாம் படியைப் பிடித்துக்கொண்டு அழுதவளிடம் நான் சொன்னவை. ஒரு சொல் மாறவில்லை. அதட்டல்கூட என் அதட்டல்தான். என் உடம்பு அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டது. மல்லாந்தேன். காதுக்குள் தண்ணீர் போய் உலகத்தின் சத்தமெல்லாம் நின்றது. மூழ்கவில்லை.

மூச்சு கொஞ்சம் நிதானமானதும் பலகையை என் கைக்கு அருகில் தள்ளினாள். அதற்குள் விசில் ஊதிய லைஃப்கார்டும் நீந்தி வந்துவிட்டார். அவர்கள் என்னைக் கரையை நோக்கி இழுக்கவே இல்லை. கரையோடு சேர்ந்தாற்போலப் பக்கவாட்டில் வெகுதூரம் கொண்டு போனார்கள். அலை உடைகிற இடம் வந்ததும் அந்த அலைகளே எங்களைத் தள்ளிக் கொண்டுவந்து மணலில் போட்டன. நான் பார்த்துச் சிரித்த அதே அலைகள்.

இருமி முடித்து நிமிர்ந்தபோது ஓங்கி முதுகில் ஒரு அடி விழுந்தது.

"கொழுப்பெடுத்தவளே. சொல்லித்தான அனுப்புனேன்? பெரியம்மாட்ட போயி நான் என்னான்னுடீ சொல்லுவேன்? வாழப்பழம் வந்துச்சு, ஒங்க மக போயிட்டான்னா?" என்றாள். சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு முறை என்னை 'டீ' போட்டுப் பேசிவிட்டாள் என்பதை அந்த நிலைமையிலும் நான் கவனித்தேன். மனது அவ்வளவு மோசம்.

லைஃப்கார்டு என்னைக் காட்டி அவளிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல, வா."

"சொல்லு புள்ள."

"நீச்சல் சொல்லிக் குடுத்த அக்கா இவங்கதானான்னு கேக்குறாரு."

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீருக்குப் பயப்படுகிற விருந்தாளிகள் வந்தால், கொடி இல்லாத பக்கமாக அழைத்துப் போய், முதுகுக்குக் கீழே கையை வைத்து, இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் மிதக்கவிடுவாளாம். இது யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பவர்களிடம் எரியோட்டுக் கிணற்றையும் என்னையும் சொல்வாளாம். அந்த வெளிநாட்டு அம்மாள் "அந்த அக்காவா" என்றதற்கு அர்த்தம் இதுதான். அவள் படங்களில் நான் பருவைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில், அவள் என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள்.

அன்று மத்தியானம் சோற்றில் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூட இல்லாமல் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். "கிறிஸ்மஸ்க்காவது வாயேன், சித்தி ஏங்குறாங்க" என்றேன்.

"கிறிஸ்மஸ்தான இங்க முழு சீசனு. வந்ததுலருந்து ஒரு கிறிஸ்மஸ்கூட வீட்டுல இல்லக்கா. நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் எனக்கு உக்காரக்கூட நேரங் கெடையாது. அப்புறம் மே வரைக்கும் நம்மூரு லீவுக் கூட்டம், மழ மாசத்துல கடலுப் பக்கமே போக முடியாது. அதான் ஒன்ன இப்ப வரச் சொன்னேன். இப்பன்னாத்தான ஒங்கூட இருக்க முடியும்."

வருடத்தில் அவளுக்கென்று இருந்ததே அந்தச் சில வாரங்கள்தான். மிச்சம் என்று நான் நினைத்ததுதான் அவளிடம் இருந்தது முழுவதும். அதைத்தான் எனக்கு எடுத்து வைத்திருந்தாள்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். முதுகில் விழுந்த அடி மூன்று நாள் வலித்தது. என்னை டீ போட்டுக் கூப்பிடலாம் என்று அவளுக்கு அனுமதி கொடுத்துவிட்டேன். அவள் இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். போன வாரம்கூட ஒரு படம் போட்டிருந்தாள். அம்மா காட்டினார். வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் இப்போதெல்லாம் அந்த எரிச்சலோடு நான் மல்லுக்கட்டுவதில்லை. கையைக் காலை உதறாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கிறேன், அது என்னை மூழ்கடிக்காமல் தானே கொண்டுவந்து அவள் பக்கத்தில் விட்டுவிடுகிறது.