முத்திரை ஆட இடம் இருந்தது

சிம்பாங் ரெங்கத்தில், வீட்டில் வைத்துப் பார்க்கும் இரத்த அழுத்தக் கருவி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கருவிக்குள் ஓடும் நிரலை எழுதுவது நான். மேலாளரும் தமிழர்தான், அதை யாராவது ஞாபகப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது.

ஒருநாள் சிங்கப்பூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், கம்பைலரைப் புதுப்பிக்கச் சொன்னார். நான் எழுதும் நிரலைக் கருவியின் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மென்பொருள் அது. பழையதில் என்ன குறை என்று கேட்டேன்.

"இன்னும் பழசுதான்னு தெரிஞ்சா அங்க சிரிப்பாங்க லா," என்றார். அவருடைய தொழில்நுட்ப அறிவு அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரு வரி நிரல் எழுதியதில்லை.

புதுப்பித்தேன். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. ஆனால் நிரல் ஊதிப் பெருத்து வெளியே வந்தது. சில்லில் அடங்கவில்லை. புதிய கம்பைலருக்கு வேகப் பைத்தியம். ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்த சின்னச் சின்ன வேலைகளை, தேவைப்படும் இடமெல்லாம் நகலெடுத்து ஒட்டியிருந்தது. கைப்பட்டையில் காற்று ஏறும்வரை சும்மா காத்திருக்கும் கருவிக்கு என்ன அவசரம்? வேகம் வேண்டாம், சுருக்கினால் போதும் என்று அதற்குச் சொல்லிவைக்க வழி உண்டு. சோதித்துப் பார்க்கச் சில நாள் அவகாசம் கேட்டேன்.

"எதுக்கு? திரையில வர்ற தமிழத் தூக்கிடுங்க. நம்மாளுங்க எல்லாருக்கும் மலாய் தெரியும். யாரு தமிழ்ல படிக்கிறா?"

என் அம்மா படிக்கிறார். பாலோவில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு அவர் படிப்பு முடிந்தது. 'கையை அசைக்காதீர்கள்' என்று திரையில் வந்தால் மூச்சைக்கூட மெதுவாக விடுவார். அந்த வரிகளை அவரை நினைத்துத்தான் எழுதினேன். அதையும் சொன்னேன்.

"அலமாக், உங்கம்மாவுக்காகவா கம்பெனி நடத்துறோம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழை எடுத்தேன். ஆனால் விடவில்லை. ஓய்ந்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து நிரலைச் சுருக்கினேன். எடுத்த தமிழுக்கு வேண்டிய இடம் அப்படியே திரும்பக் கிடைத்தது. அதைக் காட்டியதும் மேலாளரின் முகம் மலர்ந்தது. கருவியைப் போட்டவுடன் கம்பெனி முத்திரை சுற்றிச் சுழன்று வரவேண்டுமாம். வந்தது, கிடைத்த இடம் முழுவதையும் விழுங்கிக்கொண்டு. இப்போது படபடப்போடு உட்காருகிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

போன மாதம் என் மேசைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு மெஷின்ல தமிழ் போட்டுத் தர முடியுமா? எங்கம்மா ஆயர் ஈத்தாம்ல தனியா இருக்காங்க. மலாய் பேசுவாங்க, படிக்கத் தெரியாது."

முகத்தில் கூச்சம் என்று ஒன்று மருந்துக்கும் இல்லை. அந்த அம்மா என்ன பாவம் செய்தார்? போட்டுக் கொடுத்தேன். மேலாளர் அங்கேயே கருவியைப் போட்டுப் பார்த்தார். 'கையை அசைக்காதீர்கள்' என்று நேராக வந்து நின்றது.

"லோகோ எங்க?" என்றார்.

"இடம் பத்தல, பாஸ்," என்றேன்.