நீலச் சுவர்க்காரர் பாடக்கூடாது

மட்டக்களப்பு நகரில் பெயின்ற் கடையையும் தேவாலயப் பாடகர் குழுவையும் நடத்திய டெரன்ஸ் மாஸ்டர் இரண்டுக்கும் ஒரே சட்டம் வைத்திருந்தார். எதிர்க்கடைக் கிளெனிடம் பெயின்ற் வாங்கிய வீட்டார் ஆண்டவரைத் துதிக்க அருகதையற்றவர்கள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளுக்குப் புதுப்பூச்சு அடிக்கும் நாட்களில் அவர் தெருத்தெருவாகச் சைக்கிளில் போவார். கிளென் மட்டுமே விற்கும் நீலம் எந்தச் சுவரில் தெரிந்தாலும், அந்த வீட்டுக் குரல்கள் அன்றோடு நீக்கம்.

இந்த வருடம் தெருவே நீலமானது. ஒத்திகைக்கு மிஞ்சியவள் அவர் மனைவி லொறெய்ன் ஒருத்திதான். நத்தார்ப் பூசைக்குக் குழு இல்லாவிட்டால் அதை நடத்தும் பொறுப்பு இனிக் கிளெனுக்குத்தான் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார்.

“நிப்பாட்டின ஆக்களக் கூப்பிடுங்க,” என்றாள் லொறெய்ன்.

“நீலச் சுவர்க்காரரையா? செத்தாலும் மாட்டன்!”

“அப்ப முதல்ல நம்மட குசினிப் பின்சுவரப் போய்ப் பாருங்க. உங்கட மஞ்சள் ஒரு மழையில கழண்டு போச்சு. நான் என்ன செய்ய?”

ஊர்ச் சுவரெல்லாம் பார்த்தவர் தன் சுவரை அன்றுதான் பார்த்தார். சட்டம் சட்டம்தான், அந்த வீட்டுக் குரல்கள் இரண்டும் நீங்கின.

நத்தாரன்று கிளென் குழுவை நடத்த, லொறெய்ன் முன்வரிசையில் நின்று பாடினாள். அவள் எங்கே பிழைவிடுவாள் என்று டெரன்ஸ் கடைசி வாங்கில் உட்கார்ந்து பல்லைக் கடித்தபடி காத்திருந்தார். அவள் விடவேயில்லை. பழக்கியவர் அவரல்லவா!