மலைக்குத் துணைக்கு வந்தவர்

கொழும்புக்குத் தனியாகப் போகலாம். விடைத்தாள் திருத்தப் போய் பத்து நாள் அறை எடுத்துத் தங்கலாம். அதற்கெல்லாம் எவரும் ஒன்றும் சொன்னதில்லை. நேபாளத்தில் ஒரு மலை ஏறப் போகிறேன் என்று சொன்ன அன்றுதான் நான் ஒரு பெண் என்பது எங்கள் குடும்பத்துக்கு ஞாபகம் வந்தது.

நான் மட்டக்களப்பில் புவியியல் படிப்பிக்கிறேன். மடிப்பு மலைகள் எப்படி உருவாகின்றன என்று கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி கீறி இருபத்தாறு வருடமாக விளங்கப்படுத்தி வருகிறேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு உயரம் என்றால் கல்லடிப் பாலம்தான். ஐம்பது வயது முடிந்தபோது, கீறிக் காட்டியவற்றில் ஒன்றின் தலையிலாவது ஒரு தரம் ஏறி நிற்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. முன்பின் மலை ஏறாதவர்களையும் பழக்கிக் கூட்டிப்போகிற பயணம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பதிந்தேன். கயிறு, ஆணி வைத்த சப்பாத்து, வழிகாட்டி எல்லாம் அவர்களே தருவார்கள். ஆறாயிரம் மீற்றருக்குச் சற்று மேலே போகும் சிகரம். அதன் பெயரை எங்கள் வீட்டில் ஒருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

முதலில் வந்தவர் என் கணவரின் அக்கா. வாசலில் செருப்பைக் கழற்ற முதலே தொடங்கிவிட்டார்.

"மனிசன் இரிக்கக்குள்ள தனியப் போறதாகா? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் எப்பவும் கதைக்கும்தானே மச்சாள்."

"சித்திரை வருசத்துக்கும் நீ வீட்ட இல்லையாமே!"

இப்படி ஒரு கிழமை. எவருக்கும் மலை பற்றி ஒரு கேள்வியும் இல்லை. விழுந்து செத்துப்போவேனோ என்றுகூட ஒருவர் கேட்கவில்லை. தனியாகப் போவதுதான் எல்லோருக்கும் வருத்தம். கடைசியில், அதுவரை வாய் திறக்காமல் இருந்த என் கணவர், "நானும் வாறன். நடைதானே" என்றார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் எரிச்சல். நான் இத்தனை வருடம் ஆசைப்பட்ட காரியத்துக்கு அவர் மூன்று சொல்லில் துணை ஆகிவிட்டார்.

அந்த "நடைதானே" பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஒரு வட்டையில் வயல் இருக்கிறது. வெள்ளாமை நேரம் வயலில்தான் கிடப்பார். ஆடி மாதம் வந்தால் வெறுங்காலோடு கரையோரமாக நடந்து, காட்டுக்குள்ளால் கதிர்காமம் முருகன் கோயிலுக்குப் போவார். ஒன்பது தரம் போயிருக்கிறார். அந்த நடையில் ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் கொப்புளம் போட்டாலும், தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டாலும், எப்படி சாமி என்று கேட்டால் பதில் அரோகராதான். நோகிறது என்று சொல்வது குறை. ஏலாது என்று சொல்வது அதைவிடப் பெரிய குறை. அவருடைய கூட்டத்தில் ஒருவர் முறிந்த கால்விரலோடு மூன்று நாள் நடந்தார் என்பதை எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரு தரமாவது கேட்டிருப்பார்கள்.

பயிற்சிக்கு மட்டக்களப்பில் மலைக்கு எங்கே போவது? குடும்பிமலைக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். ஆகவே பாடம் முடிந்த பிறகு, பள்ளிக்கூடத்து மூன்று மாடிக் கட்டடத்தில், முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினேன். காவலாளி முதல் கிழமை சிரித்தார். இரண்டாம் கிழமை, "டீச்சருக்குச் சீனி வருத்தமா?" என்று அனுதாபமாகக் கேட்டார். மலை ஏறப் போகிறேன் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் கணவர் ஒரு படிகூட ஏறவில்லை. கதிரையில் சாய்ந்துகொண்டு, "கதிர்காமத்துக்கு ஆரு பயிற்சி எடுத்த?" என்றார்.

எங்கள் வழிகாட்டி நாற்பது வயதைத் தொட்ட நேபாளக்காரர், அதிகம் பேசாதவர். எங்களோடு வெளிநாட்டுக்காரர் மூன்று பேரும், ஓர் உதவி வழிகாட்டியும் வந்தார்கள். வழிகாட்டியோடு பேச ஆங்கிலம் வேண்டும். என் கணவர் ஆங்கிலம் கேட்கும்போது விளங்கிய மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஒன்றும் விளங்காது. ஆகவே வழிகாட்டி கேட்பதை நான் தமிழில் கேட்டு, இவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

நடை தொடங்க முதல் வழிகாட்டி எங்களை இருத்தி இரண்டு விசயம் சொன்னார். தலையிடியோ, வயிறு பிரட்டிச் சத்தியோ வந்தால் மறைக்க வேண்டாம். உயரத்தில் வரும் நோய் மூளையைத் தாக்கினால் ஆள் ஒரு நாளில் முடிந்துவிடலாம். அதற்கு உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. அது முதலாவது. இரண்டாவது, ஒருவர் இறங்க வேண்டி வந்தால், அவருடைய பாஷை தெரிந்த ஒருவர் கட்டாயம் கூட இறங்க வேண்டும். சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மலைப்பக்கத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இவருக்கு ஒன்று வந்தால் என் மலையும் போச்சு என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

முதல் நாலு நாளும் என் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே விடிந்தன. இரண்டாவது ஊரில் சப்பாத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "நிலத்தில கால் படாம என்ன நடை?" ஆறுதலாக நடக்கச் சொன்னால் சுமைகாரர்களை முந்திக்கொண்டு போனார். தண்ணீர் குடிக்கச் சொன்னால், தாகமில்லை. எதிரே வருகிற எருமை மாதிரி மாட்டுக்கெல்லாம் ஒதுங்கி நின்று, அதன் பால் தயிராக உறையுமா என்று என்னை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன்.

ஐந்தாம் நாளிலிருந்து அவர் முந்தவில்லை. பின்னால் வந்தார். காலையும் மாலையும் வழிகாட்டி கேள்வி கேட்பார்.

"தலையிடிக்குதா எண்டு கேக்கிறார்."

"இல்ல."

"சாப்பாடு?"

"நல்லாச் சாப்பிட்டன்."

அவருடைய உருளைக்கிழங்கு முழுவதும் என் சாப்பாட்டுக் கோப்பையில் கிடந்ததை நான் மட்டும்தான் கண்டேன். விரலில் கொழுவி ஒக்ஸிஜன் பார்க்கும் கருவியை வழிகாட்டி எடுக்க முதலே, எண் கூடக் காட்டட்டும் என்று, இவர் தேத்தண்ணிக் கோப்பையில் கையைச் சூடாக்கி வைத்துக்கொள்வார். இந்தக் கெட்டித்தனத்தை எங்கே பழகினார் என்று இன்றுவரை தெரியாது.

"தலையிடிச்சாச் சொல்லுங்க" என்று தனியாகப் பிடித்துக் கேட்டேன். "இது நேர்த்திக்கடன் இல்ல."

"மலைக்கு வந்துபோட்டு நோகுது எண்டு சொல்லலாமா? முருகன் இரிக்கிற இடம்."

"இது முருகன்ட மலை இல்ல!"

"எல்லா மலையும் அவன்ட மலைதான்."

கண்டத்தட்டுகள் பற்றி இருபத்தாறு வருடம் படிப்பித்தவள் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். வீம்பு, வெறும் வீம்பு என்று மனதுக்குள் திட்டினேன். கதிர்காமத்தில் பழகிய வீம்பை இங்கேயும் கொண்டுவந்து என் தலையில் கட்டுகிறாரே என்று ஆத்திரம்.

அடிவார முகாம் கற்களும் தூசியுமாக ஒரு சாம்பல் நிறப் பள்ளத்தாக்கு. அங்கே பனிச்சரிவில் கயிறு பிடித்து ஏறப் பழக்கினார்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, நான் நன்றாக ஏறினேன். ஆணிச் சப்பாத்தைப் பனியில் குத்தி, கயிற்றில் கருவியைத் தள்ளித் தள்ளி மேலே போனபோது, வழிகாட்டி கீழே நின்று கைதட்டினார். "நீங்கள் உச்சிக்குப் போவீர்கள்" என்றார். என் கால்களைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். மறுநாள் மேல் முகாம், அதற்கு அடுத்த நாள் உச்சி.

அன்று பின்னேரம் நாங்கள் கூடாரத்துக்கு வெளியே இருந்தோம். வழிகாட்டி பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். என் கணவர் அந்தக் கல் பள்ளத்தாக்கை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "படகு இந்தக் கரையிலயா நிக்குது, அந்தக் கரையிலயா?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பகிடி இல்லை. வயலுக்குப் போக மோட்டார் சைக்கிளோடு குருமண்வெளிப் படகுத் துறையில் நின்று கேட்கிற அதே குரல்.

"என்ன சொல்கிறார்?" என்றார் வழிகாட்டி.

எனக்கு விளங்கியது. அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. மூளையைத் தாக்கினால் ஆள் பிதற்றும் என்று வழிகாட்டியே சொல்லியிருந்தார். நான் சொன்னது, "தேத்தண்ணி எப்போது வரும் என்று கேட்கிறார்."

வழிகாட்டி சிரித்துக்கொண்டு எழும்பிப் போய்ப் பிளேன்டீ கொண்டுவந்தார்.

மாலையில் கருவி காட்டிய எண் வழிகாட்டிக்குப் பிடிக்கவில்லை. "தலையிடி உண்டா, சத்தி எடுத்தாரா, வடிவாகக் கேளுங்கள்" என்றார். நான் கேட்டேன். அவர் பதில் சொல்லச் சுணங்கினார். நானே, "இல்லையாம்" என்றேன். நல்லாகிவிடும், படுத்தெழும்பினால் சரி, இன்னும் இரண்டு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் சப்பாத்தை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு, அதன் நாடாவைக் கட்டத் தெரியாமல் அதையே பார்த்தபடி இருந்தார். நான் ஓடிப்போய் வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அவர் இவரை எழுப்பி, குதிக்கு முன் குதி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். வாழ்நாளில் கள்ளுக் குடிக்காத மனிதர் நாலடியில் என் மேல் சாய்ந்தார்.

"எப்போதிலிருந்து?" என்று வழிகாட்டி கேட்டார்.

"இப்போதுதான்" என்றேன். அது மூன்றாவது பொய்.

ஊசி போட்டார்கள். பத்து நிமிடத்தில் இறங்கத் தொடங்கினோம், உதவி வழிகாட்டி ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாகப் பிடித்துக்கொண்டு. மற்ற மூன்று பேரும் வழிகாட்டியோடு மேல் முகாமுக்குப் புறப்பட்டதைக் கண்டேன். வழியெல்லாம் அழுதேன். உதவி வழிகாட்டி, "பயப்படாதீர்கள், கணவர் பிழைத்துவிடுவார்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான், நான் மலைக்காக அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊர் ஆயிரம் மீற்றர் கீழே இருந்தது. மறுநாள் மத்தியானம் இந்த மனிதர் கண்ணைத் திறந்து, "சோறு இரிக்குதா?" என்று கேட்டார். இரண்டு கோப்பை சாப்பிட்டார். பருப்பில் உறைப்பு இல்லை என்று குறையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய உபத்திரவம் தொடங்கியது. வருடப்பிறப்புக்குக் காணாத சனமெல்லாம் மலைக்கதை கேட்க வந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் இவர் விரிவாகச் சொன்னார். "இவதான் கண்டுபிடிச்ச. சப்பாத்தப் பாத்த உடன ஓடிப்போய்ச் சொன்ன. இல்லாட்டி என்னச் சாக்கிலதான் கட்டிக்கொண்டு வந்திருப்பானுகள்." மச்சாள் என் கையைப் பிடித்து, "இதுக்குத்தான்கா ரெண்டு பேரும் போகோணும் எண்டு சொன்ன" என்று கண் கலங்கினார். காவலாளிகூட எழும்பி நின்று வணக்கம் சொன்னார். ஒவ்வொரு தரமும் நான் குசினிக்குள் போய் இல்லாத வேலையைத் தேடினேன்.

ஒரு நாள் காலை அவர் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"இனி அந்தக் கதையச் சொல்லாதீங்க. எனக்கு முந்தின நாளே தெரியும். நீங்க படகு எங்க எண்டு கேட்டீங்க. நான் தேத்தண்ணி கேக்கிறார் எண்டு அந்த மனிசனுக்குப் பொய் சொன்னன். உச்சிக்குப் போகோணும் எண்ட ஆசையில."

அவர் பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"படகு கேட்டது எனக்கு ஞாபகமில்ல" என்றார். "தலையிடி ஞாபகமிரிக்கு. மூண்டு நாள். தலைக்குள்ள உரல் இடிச்ச மாதிரி."

"அப்ப ஏன் சொல்லல்ல? அங்கயும் கதிர்காம வீம்பு!"

"கதிர்காமமாவது ஒண்டாவது! ரெண்டு தரம் இடையில கிறுகித் திரும்பி பஸ்ஸில வந்தவன் நான். வெக்கத்தில உனக்குச் சொல்லல்ல." சொதியை ஊற்றிக்கொண்டார். "அந்த வழிகாட்டி முதல் நாள் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பாத்த. நான் இறங்கினா நீயும் இறங்கோணும் எண்டு அவன்ட முகத்திலயே விளங்கின. நீ பள்ளிக்கூடத்தில அரிசி சுமந்ததக் கண்டனான்தானே. எப்பிடிச் சொல்ற?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையில் இருந்த அகப்பையை எறிந்திருப்பேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்காக ஒரு படிகூட ஏறாத மனிதர் என்றுதான் நான் அவரை ஊரெல்லாம் குறை சொல்லி வந்திருக்கிறேன். மலைப்பாதை முழுக்க வீம்பு வீம்பு என்று திட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். நான் கேட்காமல் இருந்திருந்தால் இதையும் சொல்லியிருக்க மாட்டார். என் ஆசைக்காக வாயை மூடிக்கொண்டு அந்தக் கல்லுக்குள் செத்திருப்பார். நானும் அதே ஆசைக்காக அவரைச் சாக விட்டிருப்பேன்.