விருந்தாளிகளுக்குச் சரோஜா கட்டிய மாலை

வாழைநார் தண்ணீரில் ஊறினால் ஒரு வாடை வரும். பச்சை வாடையும் இல்லை, அழுகல் வாடையும் இல்லை... மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டு வரிசையில் விடிந்ததும் அந்த வாடைதான். பக்கத்து வீட்டுச் சரோஜா பூக்கட்டுகிறவள். என் வயதுதான் அவளுக்கும்.

அவள் கணவர் மாணிக்கம் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். இந்தோனேசியாவோடு சண்டை நடந்த காலம். சரவாக் எல்லைக்கு அனுப்பினார்கள். பெட்டியில் திரும்பி வந்தார்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கூடவே வந்த அதிகாரி சொல்லிவிட்டார். “மூஞ்சிய மட்டும் காட்டுங்க சார்... வேற ஒண்ணும் வேணாம்” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். காட்டவில்லை.

அதோடு கல்யாண மாலைக்கு அவளிடம் யாரும் வருவதில்லை. தாலி அறுத்தவள் கை பட்ட பூ மணவறைக்கு ஆகாதாம். சாவு மாலைக்கு மட்டும் வருவார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர் என்று மாணிக்கத்தைப் பற்றி மைக் பிடித்துப் பேசினார்களே, அதே ஆட்கள்தான்.

அறுபத்தாறில் சண்டை ஓய்ந்தது. மந்திரிகள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த நாட்டுப் பட்டாளத்து அதிகாரிகள் விமானம் ஏறிக் கோலாலம்பூருக்கு வந்துவிட்டார்கள். நம் ஆட்களோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வானொலியில் கேட்டோம். பக்கத்து நாடுகளெல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வரப்போகிறது, நாமும் அதில் இருக்க வேண்டும், அதற்கு முதலில் சுட்டுக்கொண்டவர்கள் கைகுலுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. நேற்றுவரை காட்டில் துப்பாக்கியோடு கிடந்த நம் பட்டாளத்துக்கு இப்போது விருந்து வைக்கிற வேலை.

அப்படி ஒரு குழு மலாக்காவுக்கும் வந்தது. மலாய்க்காரர்கள் கொம்பாங் மேளம் அடிப்பார்கள், சீனர்கள் சிங்க ஆட்டம் ஆடுவார்கள், நம்மவர்கள் மாலை போட வேண்டும் என்று ஏற்பாடு. நம் பக்கத்துக்குப் பொறுப்பு ஜாலான் பெண்டஹாராவில் நகைக்கடை வைத்திருந்த ஒருவர். அவசரத்துக்கு வேறு ஆள் அகப்படாமல் சரோஜாவைத் தேடி வந்தார். நானும் அப்போது அவள் வீட்டில்தான் இருந்தேன்.

“கல்யாணத்துக்கு ஆகாத கை இதுக்கு மட்டும் ஆகுமாண்ணே?” என்று கேட்டேன்.

“ஒனக்கு வாய் ரொம்ப நீளம் கமலா. இது கவர்மெண்டு வேல லா. சாமி காரியமா என்ன?”

சரோஜா நாரைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். “கட்டித் தரேண்ணே. கூலி வேணாம். ஒரே ஒரு மாலைய நான் போடணும்.”

“நீயா? எதுக்கு?”

“எங்க வீட்டுக்காரர் மூஞ்சியத்தான் பாக்க விடல. இவங்க மூஞ்சியாவது கிட்டத்துல பாக்குறேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, போடு. அங்க வந்து கலாட்டா பண்ணிடாத.”

“மாலைய வச்சுக்கிட்டு என்னாண்ணே கலாட்டா பண்ண முடியும்?”

கடற்கரைத் திடலில் வரவேற்பு. சரோஜா வெளிர்நீலச் சேலை கட்டி வந்தாள். ஓரளவு நல்ல சேலை இருந்ததால் என்னைப் பன்னீர் தெளிக்க நிறுத்தியிருந்தார்கள். மாலையைக் கையில் ஏந்தி, என் பக்கத்தில்தான் நின்றாள்.

கார் வருகிறது என்று சத்தம் கேட்டதும் நகைக்கடைக்காரர் ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவியும் மகளும்.

“இல்லம்மா... போட்டோ எல்லாம் புடிக்கிறாங்க. மொத மொதல்ல ஒரு நல்ல காரியம் நடக்குது. கோவிச்சுக்காத” என்றார் நகைக்கடைக்காரர்.

மாலையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் மகளிடம் கொடுத்தார்.

“வாக்கு குடுத்தீங்களேண்ணே!” என்றேன்.

“சத்தம் போடாத! வந்தவங்க முன்னால நம்ம மானத்த வாங்குறியா?”

எது நம் மானம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

காவலுக்கு நின்ற நம் பட்டாளத்துப் பையன் ஒருவன் அவளைக் கயிற்றுக்குப் பின்னால் போகச் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். மாணிக்கம் போட்டிருந்த அதே பச்சை உடுப்பு. அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

அதிகாரிகள் வந்தார்கள். பன்னீர் தெளித்தேன். எல்லார் முகத்தையும் நான் பார்த்தேன். வெயிலில் வேர்த்துப்போன சாதாரண முகங்கள். ஒருவருக்குக் கன்னத்தில் பருத் தழும்பு. பார்க்க வேண்டியவள் நானில்லை.

திரும்பி நடந்து வரும்போது கேட்டேன். “பாத்தியாடி?”

“முதுகுதான் தெரிஞ்சிச்சு.”

எங்கள் வீட்டு வரிசை வரை நடந்து வந்தோம். பிறகு, “மாலை கழுத்துல நல்லா உக்காந்துச்சா?” என்றாள்.

“ம்” என்றேன்.

மறு வருஷம் கூட்டமைப்பு அமைந்தது. பத்திரிகையில் பெரிய படம். சரோஜா சாவு மாலைதான் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு செமாபோக்குக்கு வீடு மாறிப் போனாள். அங்கேயேதான் இறந்தாள்.

சமாதானம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவளும் ஒருநாளும் சொன்னதில்லை. சண்டைக்கு அவள் வீட்டு ஆளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். சமாதானத்துக்கு அவள் பூவை எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு முன்வரிசையில் நிற்க ஓர் இடம் கொடுக்க, பட்டாளத்துக்கும் மனம் வரவில்லை, நம் ஆட்களுக்கும் மனம் வரவில்லை.

இப்போது மலாக்காவில் பெர்ரிக் கப்பல் ஏறினால் சீக்கிரமே இந்தோனேசியாவின் சுமத்ரா வந்துவிடுகிறது. துணி வாங்கவும் கால் பிடித்துவிடச் சொல்லவும் ஜனங்கள் போய் வருகிறார்கள். விசா கிடையாது. அண்டை நாட்டுக்காரர்கள், நண்பர்கள்... போன மாதம் என் தங்கை மகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கரையில் பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் ஒரு சின்னப் பையன், உடுப்பும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தான். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போகலாம் என்று கையைக் காட்டினான்.

நான் போகவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெற்றி, மூக்கு, லேசாக அரும்பியிருந்த மீசை... அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“நவுருங்க ஆன்ட்டி, லைன் நிக்குது” என்று பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல் கேட்டது.

நகர்ந்தேன்.