வாழைமரத் துண்டில் குத்திய போல்ட்டுகள்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது; முன்பின் மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தெல்தெனியவுக்கு மேலே, பஸ் ஏறாத மலையில் இருந்தோம். அங்கே மரக்கறி போடுகிறவர்களின் மூட்டைகளை என் வீட்டுக்காரர் பழைய ஜீப்பில் கண்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். பக்கத்து மலைக்காரர் ஒருவரும் ஜீப் வாங்கியிருந்தார். ஒரு சந்தை நாள் நாங்கள் போகாவிட்டால் மூட்டைகள் அவர் ஜீப்பில் ஏறிவிடும். பிறகு எங்களிடம் திரும்பி வராது.

அந்த நேரம் பார்த்து ட்ரான்ஸ்ஃபர் பெட்டி உடைந்தது. கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு பெட்டி அது. நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது. அது போனால் ஜீப் நகராது.

கண்டியில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் வேறு பெட்டி ஒன்று கிடைத்தது. ஆனால் அதோடு போல்ட் வரவில்லை. பழைய போல்ட்டுகளைத்தான் திருப்பிப் போட வேண்டும். கழற்றுவதற்கு அலவத்துகொடையிலிருந்து பாஸ் வந்தார். மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம்.

அவர் கழற்றிக் கழற்றி பிஸ்கட் டின்னுக்குள் போட்டார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. போன தடவை அவர் வேலை முடித்தபோது டின்னில் இரண்டு மிஞ்சியிருந்தன. வாய் திறந்து கேட்க வெட்கம். பின்னால் போய் வாழைமரத்தில் ஒரு துண்டு வெட்டி வந்தேன். அதன் முகத்தில் பெட்டியின் வடிவத்தைக் கரியால் கீறி, அவர் கழற்றக் கழற்ற டின்னிலிருந்து எடுத்து, எந்த ஓட்டையில் இருந்த போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தினேன். பூசைக்கு ஊதுபத்தி குத்துகிற மாதிரிதான்.

"என்ன தங்கச்சி, ஜீப்புக்குப் பூசையா?" என்று பாஸ் சிரித்தார். "கழட்டிப் பூட்டினா ரெண்டு மிஞ்சத்தான் செய்யும். அது எங்கட லாபம்."

"விடுங்க பாஸ், அவ சமையலுக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டா" என்றார் இவர்.

பழைய பெட்டி இறங்கியது. அதோடு மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பாஸின் குடும்பத்தில் ஒரு மௌத்து, யாரோ இறந்துவிட்டார்கள்; அவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் சந்தை.

இவர் டின்னைத் தூக்கிப் பார்த்தார். வெறும் டின். என்னைப் பார்த்தார். "புள்ள, அந்த வாழமரத்த எடுத்தா" என்றார்.

ஜீப்பின் தரைத் தகட்டைக் கழற்றியிருந்ததால் மேலிருந்தே உள்ளே பார்க்கலாம். என் பழைய சேலையைப் பெட்டிக்கு அடியால் கொடுத்து, மேலே ஒரு உலக்கையில் சுற்றினோம். இவர் அடியில் படுத்துத் தாங்கினார். நான் மேலிருந்து உலக்கையைத் திருப்பித் திருப்பித் தூக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்! ஐயோ, என் மூக்குக்கு மேல விட்றாத!"

"பேசாம பிடிங்க."

பல்லுக்குப் பல் பொருந்திப் பெட்டி உட்கார்ந்தது. துண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதனதன் ஓட்டையில் போட்டு முறுக்கினேன். எண்ணெய் ஊற்றி முடிந்தபோது துண்டில் வெறும் ஓட்டைகள்தான் இருந்தன. ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை.

சந்தை நாள் காலையில் மூட்டை ஏற்றும் இடத்துக்குப் போகிற செங்குத்து ஏற்றத்தில் இவர் அந்தப் பெட்டியின் இழுவையைக் கூட்டுகிற சின்ன லீவரைப் போட்டார். ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. மேலே மற்ற ஜீப்பும் நின்றது. மூட்டைகள் இன்னும் தரையில்தான் இருந்தன.

"பாஸ் மௌத்து வீட்டுக்குப் போயிட்டாராமே. யாரு பூட்டுனது?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க வீட்டு பாஸ்தான்" என்று இவர் பின்னால் உட்கார்ந்திருந்த என் பக்கம் கையைக் காட்டினார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே சிரிப்பு அடங்கவில்லை. மூட்டைகள் எங்கள் ஜீப்பில்தான் ஏறின.

சின்ன லீவரை முன்னால் தள்ளினாரா, பின்னால் இழுத்தாரா என்பது மறந்துவிட்டது. பெட்டிக்கு எந்த எண்ணெய் என்பதும் நினைவில்லை. பழைய ஜீப் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். பூட்டியது யார் என்கிற இடத்தை மட்டும் திருத்த வேண்டாம்.